பிளென்ஹைம் போனது புயலாலா, பிடிவாதத்தாலா?

ஜனவரி 12, காலை 9.10 (இழையைத் தொடங்கிய வாசகர்)

1807ஆம் வருடம் இதே ஜனவரி 12ஆம் தேதி மெட்ராஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் பிளென்ஹைம். பிப்ரவரி 1க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஒரு அட்மிரலும் அவரோடு 590 பேரும் போனார்கள். அட்மிரல் பிடிவாதக்காரர், அவர்தான் கொன்றார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிப்ரவரியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் மாட்டினால் எந்தக் கப்பலும் போகும். இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. தூத்துக்குடி அண்ணாச்சி தோணியில் ஓடினவர். அவர் என்ன சொல்கிறார்?

ஜனவரி 12, இரவு 10.35 (தூத்துக்குடி அண்ணாச்சி; இனி வருபவை எல்லாம் அவர் எழுதியவை)

புயல் மேல பழி போடுறது சுலபம் தம்பி. புயல் கோர்ட்டுக்கு வராது.

எழுத்துத் தமிழில் எழுதப் பார்க்கிறேன். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கப்பலைப் பாருங்கள். 1761 ஜூலையில் வூல்விச்சில் தண்ணீரில் இறக்கியது. மெட்ராஸை விட்டுக் கிளம்பும்போது அதற்கு வயது 45. பிறந்தபோது மூன்று தளம், 90 பீரங்கி. பிறகு மேல்தளத்தை வெட்டி 74 பீரங்கிக் கப்பலாக ஆக்கினார்கள். கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவின கதை. இதற்கு மேல் மலாக்கா நீரிணையில் மணல்திட்டில் ஏறி அடிவாங்கி, முதுகு ஒடிந்தது. பினாங்கில் ஒப்பேற்றி, தற்காலிகப் பாய்மரம் நட்டு மெட்ராஸ் வரை தள்ளிக்கொண்டு வந்தார்கள். பம்பை நிறுத்தினால் மூழ்கும் நிலை. கேப்டன் ஆஸ்டின் பிஸ்ஸல் சும்மா ஆள் இல்லை. 1803இல் கரீபியனில் ரக்கூன் என்ற சின்னக் கப்பலை வைத்துக்கொண்டு பிரெஞ்சுக்காரர்களின் மூன்று கப்பலை மடக்கினவர். அவரே இந்தக் கப்பல் கடலுக்குப் போகும் நிலையில் இல்லை என்று எச்சரித்தார். அட்மிரல் சர் தாமஸ் டிரூப்ரிட்ஜ் கேட்கவில்லை. நன்னம்பிக்கை முனைக்குப் போயே தீருவேன் என்று கிளம்பினார்.

இதில் புயல் எங்கே வந்தது?

ஜனவரி 13, காலை 6.20

பெயரைப் பற்றி இரண்டு பேர் தனிமடலில் சண்டைக்கு வந்துவிட்டார்கள். ஆங்கிலேயர் வாயில் அது "பிளெனம்". 1704இல் மார்ல்பரோ கோமகன் ஜெயித்த பவேரிய ஊரின் பெயர். அந்த ஊர்க்காரர்கள் வாயில் அது வேறு மாதிரி. நான் எழுத்தைப் பார்த்து பிளென்ஹைம் என்றே எழுதுகிறேன். எங்கள் தோணிக்கு அந்தோணியார் பெயர் வைத்திருந்தார்கள். துறைமுகத்துக் குமாஸ்தா ஆயுசுக்கும் அதை வேறு வேறாகத்தான் எழுதினார். கப்பல் எழுத்துப்பிழையால் மூழ்குவதில்லை.

ஜனவரி 13, இரவு 11.05

"முதுகு ஒடிந்த கப்பல்" என்றால் என்ன என்று கேட்டவருக்கு.

மரக்கப்பலுக்கு நடுவயிறு பெருத்திருக்கும். அணியமும் அமரமும், அதாவது முன்முனையும் பின்முனையும், ஒடுங்கியிருக்கும். பெருத்த நடுவைத் தண்ணீர் நன்றாகத் தாங்கும். ஒடுங்கிய முனைகளை அவ்வளவு தாங்காது. ஆனால் பாரம் முனைகளிலும் இருக்கிறது: பீரங்கி, நங்கூரம், வடம். வருடம் ஆக ஆக இரண்டு முனையும் தொங்கும், நடு மேலே தூக்கிக்கொள்ளும். ஏரா வில் மாதிரி வளையும். (ஏரா என்றால் கப்பலின் அடிமுதுகு மரம். எங்கள் பக்கம் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள்.) ஏரா வளைந்தால் அதில் நிற்கும் வங்குக்கால்கள், அதாவது கப்பலின் விலா எலும்புகள், விலகும். வங்கு விலகினால் பலகைக்குப் பலகை இடைவெளி திறக்கும். கலப்பத்து அடித்து, அதாவது இடுக்கை அடைத்து, வைத்த பஞ்சும் குங்கிலியமும் அலைக்கு அலை வெளியே துப்பும்.

திட்டில் ஏறிய கப்பலுக்கு இது ஒரே நாளில் நடக்கும். 40 வருடத்து வளைவு ஒரு இடியில் வந்துவிடும். சரிசெய்ய வேண்டுமானால் உலர்துறையில் ஏற்றி, தண்ணீரை வடித்து, அடியைப் பார்க்க வேண்டும். பினாங்கிலும் அது கிடையாது, மெட்ராஸிலும் கிடையாது. மெட்ராஸில் அப்போது துறைமுகமே கிடையாது. கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்க வேண்டியது, அலையைத் தாண்டிக் கரைக்கு வர மசூலாப் படகு. அங்கே நின்றுகொண்டு தச்சர்கள் உள்ளிருந்து எதை அடைக்க முடியுமோ அதை அடைப்பார்கள். அடிவயிற்றை யாரும் பார்த்திருக்க முடியாது.

ஜனவரி 15, மாலை 4.50

சின்னத் திருத்தம். "கிழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவின கதை" என்று எழுதியது அநியாயம். மேல்தளத்தை வெட்டியதில் தப்பில்லை. பாரம் குறையும், பழைய கப்பலுக்கு அது நல்லதுதான். அப்போது பல கப்பல்களுக்குச் செய்தார்கள். அந்தக் கப்பலுக்கும் ஒரு மரியாதை உண்டு. 1797 பிப்ரவரி 14, சென்ட் வின்சென்ட் முனைச் சண்டை. பிரிட்டிஷ் வரிசையில் முதலில் போனது கல்லோடன், அதற்கு நேர் பின்னால் பிளென்ஹைம். பெரிய ஸ்பானியக் கப்பல்களுக்கு நடுவே புகுந்து அடித்தது, அடிவாங்கியது. நெல்சனுக்குப் பெயர் வாங்கித் தந்த சண்டை அது.

முன்னால் போன கல்லோடனின் கேப்டன் யார்? இதே டிரூப்ரிட்ஜ்தான். பத்து வருடம் கழித்துத் தன்னைக் கொல்லப்போகிற கப்பல் அன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. இதைக் கதையில் எழுதினால் "ரொம்ப இழுக்கிறான்" என்பீர்கள்.

ஜனவரி 16, இரவு 9.30

கல்லோடன் பேச்சு வந்ததால் இதைச் சொல்லாமல் விட முடியாது. என் கட்சியே இதில்தான் நிற்கிறது.

1794 டிசம்பர். இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட். கல்லோடன் தரைதட்டி மீண்ட கப்பல். மாலுமிகள் சுமார் 250 பேர் கீழ்த்தளத்தில் அடைத்துக்கொண்டு, "இந்தக் கப்பல் கடலுக்கு ஆகாது, வேறு கப்பல் கொடுங்கள், அதுவரை பாய் விரிக்கமாட்டோம்" என்றார்கள். சம்பளம் கேட்கவில்லை, சாராயம் கேட்கவில்லை. கப்பல் மாற்றச் சொன்னார்கள். அவ்வளவுதான். கேப்டன் டிரூப்ரிட்ஜ். நாட்கணக்கில் இழுத்து, கடைசியில் வெளியே வந்தார்கள். பத்துப் பேர் மேல் இராணுவ விசாரணை. எட்டுப் பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு. 1795 ஜனவரியில் ஐந்து பேரைத் தூக்கினார்கள்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? டிரூப்ரிட்ஜ் சொன்னதுதான் சரியாகப் போனது. கல்லோடனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருடம் கழித்து சென்ட் வின்சென்ட்டில் முன்னால் நின்று அடித்தது. 1798இல் எகிப்துக் கரையில் நடந்த நைல் சண்டைக்குப் போகும்போது அபூகிர் திட்டில் ஏறியது. விடிய விடிய அடிபட்டு, சுக்கான் போய், மறுநாள் இறங்கியது. அப்போதும் மூழ்கவில்லை. பின்னால் வந்த அலெக்சாண்டர், ஸ்விஃப்ட்ஷர் என்ற கப்பல்கள் கல்லோடன் மாட்டிய இடத்தைப் பார்த்து விலகிப் போய்ச் சண்டையில் சேர்ந்தன. கல்லோடன் 1813இல்தான் பிரிக்கப்பட்டது.

ஆக டிரூப்ரிட்ஜ் இரண்டு தடவை திட்டில் ஏறிய கப்பலில் இருந்து தப்பியவர். இரண்டு தடவையும் கப்பல் தாங்கியது. ஒருமுறை "தாங்காது" என்று சொன்னவர்கள் தூக்கில் தொங்கினார்கள். பிறகு மலாக்காவில் பிளென்ஹைம் ஏறுகிறது. பிஸ்ஸல் வந்து "தாங்காது ஐயா" என்கிறார். அந்த வார்த்தை அவர் காதில் எப்படி விழுந்திருக்கும்?

ஜனவரி 17, காலை 7.15

ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிளென்ஹைமோடு கூடப் போய்க் காணாமல் போன ஜாவா என்ற கப்பலை 1812இல் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் பிடித்து எரித்ததே, அது எப்படி 1807இல் மூழ்கும்?"

அது வேற ஜாவா, இது வேற ஜாவா. அமெரிக்கன் எரித்தது பிரெஞ்சுக்காரனிடம் பிடித்த ஒரு ஃபிரிகேட், அதாவது நடுத்தரப் போர்க்கப்பல். இந்த ஜாவா, டச்சுக்காரனிடம் பிடித்தது. 1806 அக்டோபரில் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) பக்கத்தில் கேப்டன் பீட்டர் ரெய்னியரின் கரோலின் கப்பல் மடக்கிய மரியா ரெய்கர்ஸ்பெர்கன். பெயர் வாயில் நுழையாததால் ஜாவா என்று மாற்றினார்களோ என்னவோ. கேப்டன் ஜார்ஜ் பிகாட். பிடித்து மூன்று மாதத்துக்குள் அதையும் கிழவிக்குத் துணையாக மெட்ராஸிலிருந்து அனுப்பினார்கள். அதில் ஏறக்குறைய 280 பேர். மூன்றாவதாகப் போனது ஹாரியர், 18 பீரங்கிச் சின்னக் கப்பல். அதைப் பற்றிப் பிறகு.

ஜனவரி 19, இரவு 10.10

"பம்பாய்க்குப் போயிருக்கலாமே?" நல்ல கேள்வி. நானும் அதையேதான் கேட்பேன். பம்பாயில் அப்போதே பல பத்து வருடமாக உலர்துறை உண்டு, வாடியா குடும்பத்துப் பார்சித் தச்சர்கள் உண்டு, தேக்கு உண்டு.

இங்கேதான் அரசியல் வருகிறது. கிழக்கிந்தியக் கடற்படைக்குத் தலைவர் சர் எட்வர்ட் பெல்யூ. லண்டனில் ஆட்சி மாறியதும், பெல்யூவுக்குக் கொடுத்த கடலைப் பாதியாக வெட்டினார்கள். இலங்கையின் காலி முனையை ஒட்டி ஒரு கோடு. கிழக்குப் பாதி டிரூப்ரிட்ஜுக்கு. அவர் 1805இல் பிளென்ஹைமில் வந்து சேர்ந்தார். வரும் வழியில் ஆகஸ்ட் 6ஆம் தேதி பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் மரெங்கோ கப்பலோடு ஒரு சின்ன மோதல். கூட வந்த வணிகக் கப்பல்களைக் காப்பாற்றிவிட்டார். மெட்ராஸ் வந்து உத்தரவை நீட்டினால் பெல்யூவுக்கு முகம் எப்படி இருந்திருக்கும்? பாகப்பிரிவினை நடந்த வீட்டில் மூத்தவன் முகம் மாதிரி. அப்புறம் கடிதத்துக்குக் கடிதம் சண்டை. அந்தக் கோடு எங்கே விழுகிறது பாருங்கள்: பம்பாய் மேற்கே இருக்கிறது. கிழக்குக்காரனுக்கு மெட்ராஸ், கல்கத்தா, பினாங்கு, சீனத்து வழி எல்லாம் உண்டு. கப்பலை ஏற்றி அடி பார்க்கிற துறை அண்ணன் பாகத்தில்.

பிறகு லண்டனில் மறுபடி ஆட்சி மாறியது. முழுக் கடலும் பெல்யூவுக்கே திரும்பியது. டிரூப்ரிட்ஜுக்கு நன்னம்பிக்கை முனை. 1806 ஜனவரியில் டச்சுக்காரரிடமிருந்து புதிதாகப் பிடித்த இடம் அது.

இனி வருவது என் யூகம், ஆதாரம் கேட்காதீர்கள். தோற்ற பங்காளி ஜெயித்த பங்காளியின் வாசலில் போய் "என் வண்டி ஓட்டையாயிருச்சு, உன் பட்டறையில வச்சுப் பாக்கட்டுமா" என்று நிற்பானா? எங்கள் ஊரில் நிற்கமாட்டான். வண்டியை அப்படியே கட்டி இழுத்துக்கொண்டு போவான்.

ஜனவரி 22, இரவு 11.40

மூன்று நாளாக எழுதவில்லை. எழுத வந்து வந்து நிறுத்தினேன். டிரூப்ரிட்ஜைத் திட்டுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று ஒரு சந்தேகம்.

1981. எனக்கு 22 வயது. எங்கள் தோணி தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடியது. சரக்கு வெங்காயம், மிளகாய், கூரை ஓடு. இயந்திரம் இல்லை, பாய் மட்டும். தண்டல், அதாவது தோணியின் கேப்டன், பெரிய கை; பெயர் வேண்டாம், அவர் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நடையில் தண்ணீர் கூடுதலாக ஏறியது. போகவும் இறைத்தோம், வரவும் இறைத்தோம். வந்து சேர்ந்துவிட்டோம்.

இறைக்கிறவனுக்கு ஒரு கணக்குத் தெரியும். அடியில் கிடக்கிற தண்ணீர் கறுத்து நாறினால் நல்லது. நாள்பட்ட தண்ணீர், கசிவு கொஞ்சம்தான் என்று அர்த்தம். தெளிவாக, கடல் வாசத்தோடு வந்தால்தான் பயப்பட வேண்டும். அந்த நடையில் முதல் நாள் கறுப்பாக வந்தது, மூன்றாம் நாள் பளிங்கு மாதிரி வந்தது. வாளியில் முகம் தெரிந்தது.

கரைக்கு வந்ததும் ஓடாவி, தோணி கட்டுகிற தச்சர், வந்தார். வயதானவர், பேசவே மாட்டார். தோணியைச் சுற்றி நடந்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். நாலு பலகை மாற்றணும், ஒரு மாதம் ஆகும் என்றார். தண்டல் சிரித்தார். "போயிட்டு வந்துருச்சுல்ல ஓடாவியாரே? கலப்பத்த மட்டும் அடிச்சு விடுங்க, மத்தத மழைக்காலத்துல பாப்போம்." நாங்களும் சிரித்தோம். நான்தான் சத்தமாகச் சிரித்தேன். "ஓடாவிக்குக் கூலி வேணும்ல, பலகை போயிருச்சுன்னுதான் சொல்வாரு" என்றேன். அவர் காதில் விழுந்தது. ஒன்றும் சொல்லவில்லை, கொட்டாப்புளியை, மரச் சுத்தியலை, எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நடை, பாதி வழியில், இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. ஓடுகளை எடுத்துக் கடலில் எறியத் தொடங்கினோம். பத்துப் பேர். விடியும்வரை ஒரே சத்தம்: சளக், சளக், சளக். கட்டுக்கட்டாக ஓடு. கையெல்லாம் ரத்தம். யாரும் சாகவில்லை. திரும்பி வந்து கரையேற்றினோம். ஓடாவியை மறுபடி கூட்டி வந்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. உளியை எடுத்து, சுத்தியல் கூட இல்லாமல், கையால் பலகையில் வைத்து அழுத்தினார். கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

அது ஒரு பலகை. இன்னும் மூன்று இருந்தது.

ஜனவரி 23, காலை 6.05

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்ப டிரூப்ரிட்ஜை மன்னிச்சிட்டீங்களா?" என்கிறார்.

இல்லை. தண்டலும் எங்களோடு நின்று ஓடு எறிந்தார், அதுவரை சரி. டிரூப்ரிட்ஜும் கூடவே போனார், அடுத்தவனை அனுப்பிவிட்டுக் கரையில் நிற்கவில்லை. அந்த அளவுக்கு மனிதர்தான். ஆனால் நாங்கள் பத்துப் பேரும் கூலிக்கு வந்தவர்கள். பயமாக இருந்திருந்தால் காலையில் காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். பிளென்ஹைமின் மாலுமிக்கு அந்த வசதி இல்லை. அவர்களில் எத்தனை பேர் ஊரில் பிடித்து ஏற்றி வரப்பட்டவர்களோ. "கப்பல் ஆகாது" என்று வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே அட்மிரலின் பழைய கப்பலில் ஐந்து கயிறு உதாரணம் இருந்தது. மெட்ராஸ் கடலில் அந்த ஜனவரியில் யாரும் கீழ்த்தளத்தில் அடைத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்கத் தேவையில்லை.

பயணிகளும் ஏறினார்கள். அட்மிரல் போகிற கப்பல் என்றால் ஒரு தெம்பு. டிரஃபால்கர் கடற்சண்டையில் மூன்றாவது தளபதியாக இருந்த நார்தெஸ்க் பிரபுவின் மூத்த மகன் ரோஸ்ஹில், கப்பலில் பயிற்சிச் சிறுவனாக இருந்தான். அவனும் போனான்.

ஜனவரி 24, இரவு 8.45

பிஸ்ஸல் பற்றி: "கேப்டன் மறுத்துவிட்டு இறங்கியிருக்கலாமே" என்று இரண்டு பேர். இறங்கியிருக்கலாம். இறங்கினால் கப்பல் நின்றிருக்குமா? வேறொரு கேப்டனோடு போயிருக்கும். தன் ஆட்களை விட்டுவிட்டு இறங்கிய கேப்டன் என்று பெயர் மிஞ்சும். இதுவரை நான் அவரை மனசில் எங்கள் ஓடாவி இடத்தில் வைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அது பொருந்தவில்லை. ஓடாவி கரையில் நின்றுவிட்டார். பிஸ்ஸல் பலகை போய்விட்டது என்று தெரிந்தே ஏறினார்.

ஜனவரி 27, மாலை 5.30

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், இழையை நடத்துகிறவர் மன்னிக்கவும்.

டிரூப்ரிட்ஜுக்கு நம் கடல் புதிது இல்லை. லண்டனில் ரொட்டிக் கடை வைத்திருந்தவர் மகன். 1773இல் சீஹார்ஸ் என்ற கப்பலில் சின்னப் பையனாக இந்தப் பக்கம் கிளம்பினார். அதே கப்பலில் இன்னொரு சின்னப் பையன், நெல்சன். 1774இல் சீஹார்ஸ் மெட்ராஸ் வந்தது. நெல்சனை இரண்டே வருடத்தில் காய்ச்சல் ஊருக்குத் துரத்தியது. டிரூப்ரிட்ஜ் இங்கேயே கிடந்து, 1782இல் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனோடு நடந்த சண்டையில் பிரிட்டிஷ் அட்மிரல் ஹியூஸின் படையில் இருந்தார். கேப்டன் ஆனதும் இந்தக் கடலில்தான். 1785இல் ஊர் திரும்பினார். பத்துப் பன்னிரண்டு வருடம் இந்த வாடைக் காற்றும் கச்சான் காற்றும் குடித்து வளர்ந்த ஆள். "கடல் தெரியாத லண்டன்காரன்" என்று யாரோ மேலே எழுதியது தப்பு. நான் அதற்கு விருப்பம் போட்டதும் தப்பு, எடுத்துவிட்டேன்.

தெரியாமல் போகவில்லை. மிகத் தெரிந்ததால் போனார். எங்கள் தண்டலும் அப்படித்தான்.

ஜனவரி 27, மாலை 5.52

"நம் கடற்கரையிலேயே மூழ்கிய பெரிய போர்க்கப்பல் உண்டா?" உண்டு. நாமூர். பாஸ்கவன் அட்மிரலின் கொடிக்கப்பல். 1749 ஏப்ரலில் கடலூர் புனித டேவிட் கோட்டைக்கு அருகே புயலில் போனது, 520 பேர். அட்மிரல் அன்றைக்குக் கரையில் இருந்ததால் பிழைத்தார். அந்தப் புயலில் பரங்கிப்பேட்டைப் பக்கம் பெம்புரோக் என்ற கப்பலும் போனது. அங்கே தம்பி சொல்கிற "யாரையும் குற்றம் சொல்ல முடியாது" பொருந்தும். கடலூர்க்காரர்கள் யாராவது தனி இழை தொடங்கட்டும், நான் வந்து சண்டை போடுகிறேன்.

ஜனவரி 30, இரவு 10.20

தேடல் பற்றிக் கேட்டிருந்தார்கள்.

கப்பல்கள் முனைக்கு வரவில்லை என்ற செய்தி வந்ததும், பெல்யூ ஆள் அனுப்பினார். சண்டைபோட்ட பங்காளிதான், ஆனாலும் அனுப்பினார். அனுப்பியது யாரை? டிரூப்ரிட்ஜின் மகன் எட்வர்டை. கிரேஹவுண்ட் என்ற ஃபிரிகேட்டின் கேப்டன், வயது இருபதை ஒட்டி. ரோட்ரிக்ஸ் தீவு, மொரீஷியஸ், மடகாஸ்கர் என்று ஒவ்வொரு கரையாகக் கேட்டுக்கொண்டு போனான். மொரீஷியஸ் அப்போது பிரெஞ்சுக்காரன் கையில், எதிரி நாடு. ஆளுநர் டெகான் கடுமையான ஆள்; ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரைபடம் போட்ட மாத்யூ ஃபிளிண்டர்ஸ் 1803இல் ஓட்டைக் கப்பலோடு அங்கே ஒதுங்கியவர், 1810 வரை பிடித்து வைத்திருந்தார்கள். அதே தீவில், வெள்ளைக் கொடியோடு அப்பனைத் தேடி வந்த எதிரிப் பையனுக்குத் தெரிந்த தகவலைக் கொடுத்து உதவினார்கள். அந்தத் தகவலை வைத்தும் ஒரு பலகை கிடைக்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது ஹாரியர். பிப்ரவரி 1, ரோட்ரிக்ஸுக்குத் தென்கிழக்கே திறந்த கடல். புயல். பிளென்ஹைமும் ஜாவாவும் இரண்டுமே ஆபத்துக் கொடி ஏற்றியிருந்தன. ஹாரியரால் பக்கத்தில் நிற்க முடியவில்லை. இருட்டில் பிரிந்தது. மூழ்கும் பிளென்ஹைமின் ஆட்களை எடுக்கப் போய் ஜாவாவும் போயிருக்கும் என்று ஒரு ஊகம் உண்டு.

ஹாரியருக்கு அதற்கு முந்தைய வருடம் கேப்டன் யார்? இதே எட்வர்ட். 1806 ஜூலையில் அந்தக் கப்பலில் இருந்துகொண்டுதான், கிரேஹவுண்டோடு சேர்ந்து டச்சு ஃபிரிகேட் பல்லாஸைப் பிடித்தான். பிறகு கிரேஹவுண்டுக்கு மாறினான். மாறாமல் இருந்திருந்தால் அப்பன் கொடியைக் கடைசியாகப் பார்த்தது அவனாகவே இருந்திருப்பான். இதை எழுதிவிட்டு எழுந்து ஒரு தேநீர் போட்டுக் குடித்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 31, காலை 6.40

தம்பி, இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். "எந்தக் கப்பலும் போகும்" என்றீர்கள். போகவில்லையே. அதே நாள், அதே காற்று, அதே அலை. ஹாரியர் பிழைத்து முனைக்குப் போய்ச் சேர்ந்தது. 1804இல் இறக்கிய கப்பல், மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பலகை பலகையாக இருந்தது, கலப்பத்து கலப்பத்தாக இருந்தது. 45 வயதும், ஒடிந்த முதுகும், நேற்றுப் பிடித்த டச்சுக் கப்பலும் போயின. குட்டி தப்பியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இழையை மூடிவிடலாம்.

பிப்ரவரி 1, இரவு 9.15

மூட வேண்டாம்.

பேரனிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன், "தாத்தா, அந்த ஹாரியர் அப்புறம் என்ன ஆச்சு?" என்றான். தேடிப் பார்த்தேன். 1809 மார்ச்சில், இதே இந்தியப் பெருங்கடலில், எல்லோரோடும் காணாமல் போனது. ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. முதுகு ஒடிந்ததாகவோ திட்டில் ஏறியதாகவோ ஒரு வரி கிடையாது. எழுந்து நின்று எச்சரித்த கேப்டனும் கிடையாது. நல்ல கப்பல், போய்விட்டது.

சரி தம்பி, ஹாரியர் உங்கள் கணக்கில். பிளென்ஹைமைக் கொடுக்கமாட்டேன். உளி உள்ளே போன பலகையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.